மேலிடம் இறங்கி வந்த நாள்

அந்தக் கட்டுமான வேலையிடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேலிடம் என்பார்கள். "மேலிடம் வந்தாச்சா?", "மேலிடத்துக்கு இன்னைக்கு மூடு சரியில்ல", "எதுக்கும் மேலிடத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கோ". புதிதாக வருகிறவர்கள் ஏதோ கட்சி விவகாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். மனிதர் டவர் கிரேன் ஓட்டுகிறவர், அவ்வளவுதான். தரையிலிருந்து ஐம்பத்தெட்டு மீட்டர் உயரத்தில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க இடமில்லாத கண்ணாடிக் கூண்டுக்குள் அவருடைய பிழைப்பு. ஒரே கம்பெனியில், கட்டடம் மாற்றிக் கட்டடமாகப் பத்தொன்பது வருடம்.

ஏணியில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு படி. காலை ஏழு மணிக்கு ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு இறங்குவார். இரண்டு மணிக்கு ஏறினால் ஆறு மணிக்கு இறங்குவார். நடுவில் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. கீழே நின்று வாக்கி-டாக்கியில் அவருக்கு சிக்னல் கொடுக்கும் ஆள் அவருடைய சொந்த மச்சினன்தான், மனைவியின் தம்பி. புதிதாக வருகிறவர்களுக்கு அவன் கிரேனைக் காட்டுவதற்கு முன்னால் மாமாவைக் காட்டுவான். "ஒண்ணுக்குக்கூட இறங்க மாட்டார்பா" என்பான். கேட்டவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். மேலே இருப்பவருக்கு அது தெரியும். தெரியாதது மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் போதும். காலையில் அரை டம்ளர் டீ. மதியம் மாத்திரை தொண்டையில் இறங்குகிற அளவுக்கு இரண்டு மடக்கு. மற்ற கிரேன்காரர்கள் காலி பாட்டில் ஒன்றை மேலே கொண்டுபோய் வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துக்கொள்வார்கள். அவருக்கு அது மரியாதைக் குறைச்சல். உட்கார்ந்து சோறு சம்பாதிக்கிற இடத்தில் அந்த வேலை கூடாது என்பது அவர் கட்சி. உடம்பு என்ன சொல்லும் என்று அதை யாரும் கேட்கவில்லை.

மதிய மாத்திரை என்றேனே, அது வலி மாத்திரை. நாள் முழுக்கக் குனிந்து, தன் இரண்டு முழங்காலுக்கு நடுவே தெரிகிற தரையைப் பார்த்தே ஓட்டுகிற வேலை. கழுத்தும் இடுப்பும் சும்மா இருக்குமா? காலையில் ஒன்று, மதியம் ஒன்று, கனமான வேலை நாளில் சாயங்காலம் இன்னொன்று. மருந்துக் கடைக்காரர் அவர் தலையைக் கண்டதுமே அட்டையைக் கத்தரித்து வைத்துவிடுவார். வயிறு எரியவில்லை, ஆகவே நல்ல மாத்திரை என்று அவராகவே ஒரு சான்றிதழ் கொடுத்து வைத்திருந்தார்.

இப்படியே போயிருக்கும். ஒரு வெயில் காலத்தில் வயிறு கெட்டது. இரண்டு நாள் வாந்தியும் பேதியும் போட்டுப் பிழிந்து எடுத்துவிட்டது. மூன்றாம் நாள் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். அந்த வேலையைத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது.

"நான் போகலேன்னா தளம் நின்னுடும்" என்றார்.

"முதல்ல நீங்க சுவத்தைப் பிடிக்காம நில்லுங்க, பாக்கலாம்" என்றாள் மனைவி.

சுவரைப் பிடித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். உடம்பு வலிக்கு மாத்திரை இரண்டாகப் போட்டுக்கொண்டார். குடித்தால் மறுபடி வயிற்றைக் கலக்கும் என்று அந்த அரை டம்ளர் டீயையும் விட்டார். கண்ணாடிக் கூண்டில் வெயில் காய்ந்தது. சாயங்காலம் ஐந்து மணி வரை வாளி வாளியாகக் கான்கிரீட்டைத் தூக்கிக் கொடுத்தார். தளம் போட்டு முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்றைக்கு அவருக்குச் சிறுநீர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். இவருக்குப் பரம சந்தோஷம். இத்தனை வருடப் பயிற்சி பலித்துவிட்டது, உடம்பு வழிக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

"முந்தாநாள்லேர்ந்து ஒண்ணுக்கே போகலடா. இனிமே அந்தத் தொல்லையே கிடையாது" என்று மூன்றாம் நாள் மச்சினனிடம் சொன்னார்.

"சூப்பர் மாமா" என்றான் அவன். அவனும் அதே பள்ளிக்கூடம்தானே.

சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தவன் பேச்சோடு பேச்சாக அதையும் சொன்னான். அவள் தைத்த துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் செக்கிங் மேஜையில் இருப்பவள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை அவள் கண்ணைத் தாண்டிப் போக வேண்டும். கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த புருஷனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. காலில் விரல் வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்பவில்லை. அடுத்த கால் மணி நேரத்தில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் இருந்தார்கள்.

கிட்னி டாக்டர் சின்ன வயதுப் பெண். பேச்சைச் சிக்கனமாக வைத்திருப்பவர். கிரியாட்டினின் என்று ஒரு கணக்கு, ரத்தத்தில் கழிவு எவ்வளவு தங்கிவிட்டது என்று காட்டுவது, ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, இவருக்கு ஒன்பது புள்ளி இரண்டு.

"வாந்தி பேதியில உடம்புல தண்ணி வத்திடுச்சு. கிட்னிக்குப் போற ரத்தம் குறைஞ்சுபோச்சு. அந்த நேரம் பாத்து வலி மாத்திரை போட்டிருக்கீங்க. அது, போய்ட்டிருந்த கொஞ்ச ரத்தத்தையும் குறைச்சிடும். கிட்னி படுத்துடுச்சு. இதுக்கு அக்யூட்னு பேரு. திடீர்னு வர்றது. பெரும்பாலும் திரும்பி வந்துடும்."

"எது டாக்டர், வியாதியா?"

"கிட்னி."

நான்கு முறை டயாலிசிஸ் செய்தார்கள். கழுத்தில் குழாய் போட்டு, ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் கழுவி, உள்ளே விடுகிற வேலை. அவர் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மெஷினில் எந்த விளக்கு எதற்கு, அலாரம் எந்த அளவில் அடிக்கும், அதிகபட்ச லோடு எவ்வளவு என்று டெக்னீஷியனைக் குடைந்து எடுத்துவிட்டார்.

மனைவிக்கு ஓர் அளவு ஜாடி கொடுத்திருந்தார்கள். வருகிற சிறுநீரையெல்லாம் அளந்து எழுத வேண்டும். முதல் நாள் அறுபது மில்லி. அவள் சட்டை அளப்பதுபோல ஜாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, தேதி நேரத்தோடு குறித்தாள். ஒன்பதாம் நாள் நானூறு. பக்கத்துக் கட்டில்காரர்கள் காலையில் எழுந்ததும் "இன்னைக்கு எவ்வளவு?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டாம் நாள் இரண்டு லிட்டரைத் தாண்டியபோது வார்டே சிரித்தது. ஒருவர் கை கொடுத்தார். பத்தொன்பது வருடம் அடக்கிப் பேர் வாங்கிய மனிதர், போனதற்காகப் பாராட்டு வாங்கிக்கொண்டு கூச்சத்தோடு படுத்திருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது கிரியாட்டினின் மூன்று புள்ளி எட்டு. இரண்டு வாரத்தில் ஒன்பதிலிருந்து நாலுக்குள் வந்துவிட்டதே, இந்த வேகத்தில் போனால் அடுத்த பத்து நாளில் ஒன்றுக்கு வந்துவிடும், அதற்கப்புறம் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் மனக்கணக்குப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு தாள் கொடுத்தார்கள். முதல் தாளில் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு, குணமாகி வருகிறது என்று இருந்தது. இரண்டாவது தாள் ஸ்கேன். இரண்டு சிறுநீரகமும் இருக்க வேண்டியதைவிடச் சின்னதாக இருக்கின்றன, இது இரண்டு வாரத்தில் வந்ததல்ல, நாள்பட்ட நோயாக இருக்கலாம், மூன்று மாதம் கழித்து உறுதி செய்ய வேண்டும், வலி மாத்திரை கூடாது, உடம்பில் நீர் வற்றவே கூடாது. அவர் இரண்டையும் வராந்தாவில் நின்று மூன்று தடவை படித்தார். முதல் தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். இரண்டாவதை நாலாக மடித்தார்.

அதற்குக் காரணம் உண்டு. வலிப்பு வந்த கிரேன்காரர் ஒருவரை அவருக்குத் தெரியும். நாள்பட்ட வியாதி என்று எழுதிவந்த மறுநாளே அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வருகிற போகிற லாரி நம்பரை எழுதச் சொன்னார்கள். அந்த மனிதர் அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். மேலிடத்துக்குச் சாவைவிட அந்த நாற்காலியிடம் பயம். முதல் தாள் மட்டும் கம்பெனிக்குப் போனது. இரண்டாவது தாள் வீட்டு இரும்பு பீரோவில் பழைய சால்வைக்கு அடியில் போனது.

அதுவரை வேறு கட்டடத்திலிருந்து ஒரு கிரேன்காரரை வரவழைத்து ஓட்டினார்கள். ஆறு வாரத்தில் மறுபடி கூண்டில் ஏறிவிட்டார். அவரை முழு முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. வலி மாத்திரையை அன்றோடு தலை முழுகினார். இடுப்பு வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டார். உப்பைக் குறைத்தார், பிரஷர் மாத்திரையை விடாமல் போட்டார். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்றார் டாக்டர். அதையும் குடித்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கியதும் ஆரம்பித்து, படுப்பதற்குள் இரண்டு லிட்டரையும் முடித்துவிடுவார். டாக்டர் சொன்னது ஒரு நாளைக்கு என்றுதானே, எந்த நேரத்தில் என்று சொன்னாரா? பகலில் பழைய கதைதான். ஏணியில் மட்டும் இப்போது நடுவில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ரத்தம் குறைந்திருந்தது. மச்சினன் கேட்டதற்குச் செருப்பு வழுக்குகிறது என்றார்.

மூன்றாவது மாதப் பரிசோதனைக்குத் தனியாகப் போனார். கிரியாட்டினின் இரண்டு புள்ளி நாலு. போன மாதமும் ஏறக்குறைய அதேதான். இறங்கி வந்த கணக்கு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"இது நாள்பட்டதுதான்" என்றார் டாக்டர்.

"எந்தப் பக்கத்துக் கிட்னி?"

"ரெண்டும்."

"ஒண்ணு போனா இன்னொண்ணு பாத்துக்கும்னு சொல்வாங்களே?"

"ஒண்ணை எடுத்துக் குடுத்துட்டா மிச்சம் இருக்கறது பாத்துக்கும். உங்களுக்கு ரெண்டும் சேர்ந்தே தேஞ்சிருக்கு."

"ஆனா எனக்கு ஒண்ணும் பண்ணலியே. நல்லாத்தானே இருக்கேன்."

"பண்ணாது. முக்கால்வாசி போற வரைக்கும் சத்தமே போடாது. அதுதான் இதோட குணம்."

"அப்ப அன்னைக்கு ஆஸ்பத்திரியில சேத்தீங்களே, அது?"

"அது வேற. திடீர்னு வந்துச்சு, போயிடுச்சு. இது வருஷக்கணக்கா உள்ள இருந்திருக்கு, மாத்திரையும் தண்ணி குடிக்காததும் சேர்ந்து. அது வந்ததாலதான் இதைப் பாத்தோம். போகும்போது இதைக் கொஞ்சம் மோசமாக்கிட்டும் போயிருக்கு."

"இது எப்ப போகும்?"

"போகாது. இங்கேயே நிறுத்தி வைக்கலாம். உங்க கிட்னி வேலை இப்ப முப்பத்திரெண்டு சதவீதம். பத்திரமா வச்சுக்கிட்டா அதை வச்சே பல வருஷம் ஓட்டலாம்." டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "வேலை நேரத்துல எத்தனை தடவை யூரின் போறீங்க?"

"வேலை நேரத்துலயா?" என்றார் அவர், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல. "போறதில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது, சாயங்கால இரண்டு லிட்டர் உட்பட.

"ஒரு வாரத் தண்ணிய ஒரே நாள்ல ஊத்தினா செடி பிழைக்குமா? பகல் பூரா வெயில்ல வத்திப்போய் உக்காந்திருக்கீங்க. இன்னொரு தடவை அன்னைக்கு மாதிரி ஆச்சுன்னா இது திரும்பி வராது. அப்புறம் வாரம் மூணு நாள் மெஷின்தான். கடைசி வரைக்கும்."

நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த மேலிடம், பீரோவில் சால்வைக்கு அடியில் அதையும் சேர்த்தார். "என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி. "நார்மல்" என்றார்.

இருபத்திரண்டு வருடமாகத் தையலில் ஒரு நூல் தப்பினால் கண்டுபிடிக்கிறவளிடம் போய் நார்மல் என்று சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணி. கூண்டின் கண்ணாடியைத் துடைக்கலாம் என்று பைக்குள் கை விட்டார். துணிக்குப் பதிலாக ஒரு தண்ணீர் பாட்டில் வந்தது, ஒரு லிட்டர். அதைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு இரண்டு தாள். ஸ்கேன் தாள் ஒன்று, நேற்று வந்தது ஒன்று. நேற்றுத் தாளில், நாள்பட்ட என்ற வார்த்தைக்கு நேராக ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

அந்த அம்பு அவருக்குத் தெரிந்ததுதான். அவள் சேலை முந்தானையில், தலைமுடியில், சில நாள் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில்கூட ஒட்டிக்கொண்டு வரும். செக்கிங் மேஜையில் பழுதான இடத்துக்கு ஒட்டுவது. அதில் இரண்டு நிறம் உண்டு. கறுப்பு ஒட்டினால் அந்தச் சட்டை கழிவுக்குப் போகும். சிவப்பு ஒட்டினால், சரி செய்துவிடலாம், தைத்தவரிடமே திருப்பிக் கொடு என்று அர்த்தம்.

வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை அவள். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார், அதில் அவர் கெட்டிக்காரர். அந்த அம்பைப் பார்த்ததும் அவமானமாக இருந்தது. இவளிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று இருந்தது. பயமும் இருந்தது. பாட்டிலைத் திறந்து குடித்தார், முக்கால் பாட்டில், ஒரே மூச்சில்.

மிச்சமிருந்த முப்பத்திரண்டு சதவீதமும் கடமை தவறாமல் வேலை செய்தது. நாற்பது நிமிடத்தில் முட்டிக்கொண்டு வந்தது. அப்போது கொக்கியில் ஒரு கட்டுக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதை அலுங்காமல் ஏழாவது தளத்தில் இறக்கினார். கொக்கியைக் காலி செய்து மேலே இழுத்தார். கிரேனின் நீண்ட கை காற்றோடு திரும்பும்படி பிரேக்கை விட்டார். எல்லாம் முறைப்படி. பிறகு வாக்கி-டாக்கியை எடுத்தார்.

"நான் இறங்கறேன்."

"என்ன மாமா? கிரேன்ல ஏதாவது கோளாறா?"

"கிரேன் நல்லா இருக்கு."

"அப்புறம்?"

அந்த சானலில் பதினான்கு பேர் உண்டு. இன்ஜினியர், கம்பி கட்டுகிறவர்களின் மேஸ்திரி, கான்கிரீட் வண்டிக்காரர், கேட்டில் இருப்பவர், எல்லோரும்.

"ஒண்ணுக்கு" என்றார்.

பதினான்கு வாக்கி-டாக்கியும் கரகரவென்று சும்மா இரைந்தன. அந்த இரைச்சல் தாங்காமல் அவரே தொடர்ந்தார். "எனக்குக் கிட்னி வியாதி. ஆஸ்பத்திரியில இருந்தேனே அது இல்ல, அது போயிடுச்சு. இது போகாதது. மூணு மாசமா மறைச்சுட்டேன். வந்து பேசிக்கறேன்."

நூற்றுத் தொண்ணூற்று நான்கு படியையும் இறங்குவதற்குள் அவர் தன் நாற்காலியைப் பார்த்துவிட்டார். கேட்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக், நீல நிறம். மடியில் லாரி நோட்டு. சரி, மெஷினைவிட நாற்காலி தேவலை என்று முடிவு செய்துகொண்டுதான் கடைசிப் படியில் கால் வைத்தார். கீழே இன்ஜினியரும் மச்சினனும் நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டி நேரே கழிப்பறைக்குப் போனார். அவசரம் அவசரம்தான்.

திரும்பி வந்து இரண்டு தாளையும் நீட்டினார். இன்ஜினியர் முப்பது வயதுப் பையன், கம்பெனிக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. அம்பு ஒட்டிய வரியை இரண்டு தடவை படித்தான்.

"டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க சார். அது வர்ற வரைக்கும் ஏற வேண்டாம். வந்தப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்குங்க, ரிலீஃப் ஆபரேட்டர் ஏறிப் பாத்துக்குவார்."

"ரிலீஃபா? அது யாரு?"

இன்ஜினியர் மச்சினனைப் பார்த்தான். மச்சினன் தரையைப் பார்த்தான்.

"இவர்தான் சார். ரிஜிஸ்டர்ல உங்க பேருக்குக் கீழ ஆறு வருஷமா இவர் பேருதானே இருக்கு."

"லைசென்ஸ் எடுத்தேன் மாமா" என்றான் மச்சினன்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"எப்படி மாமா சொல்றது? நீங்க இறங்கவே மாட்டீங்கன்னு பாக்கறவங்ககிட்டயெல்லாம் பெருமையா சொல்லிட்டிருக்கேன். உங்களுக்குப் பதிலா ஏற ஆள் இருக்குன்னு நானே வந்து சொன்னா நீங்க என்ன நெனச்சுப்பீங்க?"

"இவனுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் ஒருத்தர் இருந்திருப்பார் சார்" என்றான் இன்ஜினியர். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கணும்னு கம்பெனி விதியிலேயே இருக்கு. பழைய விதி. நான் சேர்றதுக்கு ரொம்ப முன்னாடியிருந்து. மத்த கட்டடத்துல எல்லாரும் இறங்குறாங்க. நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே சார். உங்களுக்குத் தேவைப்படலைன்னு நெனச்சோம்."

குரலில் குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னான்.

மச்சினன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணிப் பக்கம் போனான். கான்கிரீட் வண்டி காத்துக்கொண்டிருந்தது, வேலை நிற்க முடியாது. மேலிடம் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார். அவள் மேஜையில் இருந்து எடுத்தாள், பின்னால் தையல் மெஷின்களின் சத்தம்.

"சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னாங்க? இறக்கிட்டாங்களா?"

"இல்ல."

"பின்ன என்னதான் சொன்னாங்க?"

அவர் அண்ணாந்து பார்த்தார், மச்சினன் ஏணியில் பாதி ஏறியிருந்தான்.

"கேட்டிருந்தா விட்டிருப்பாங்களாம்" என்றார்.